டிபார்ட்மென்டுக்கு ரேங்க் போடச் சொல்றாங்க, எந்தக் கணக்குல போடறது?

செவ்வாப்பேட்டை_எக்செல் | செப்டம்பர் 4, இரவு 10.52

எல்லாருக்கும் வணக்கம். சேலம் பக்கத்துல ஒரு ஸ்பின்னிங் மில்லுல எம்.ஐ.எஸ்., அதாவது கணக்கு அறிக்கை போடற வேலை பார்க்கறேன். மில்லு பேர் வேண்டாம்.

முதலாளி போன மாசம் சென்னையில ஏதோ ரெண்டு நாள் கருத்தரங்குக்குப் போயிட்டு வந்தார். வந்ததுல இருந்து ஒரே பேச்சு: "எந்த டிபார்ட்மென்ட் வேலை செய்யுது, எது சும்மா உக்காந்திருக்கு, எனக்கு ஒரே தாள்ல தெரியணும்." தீபாவளி போனஸையும் அதோட கோர்த்து விடலாம்னு யோசனை ஓடுது. தாள் போடற வேலை என் தலையில.

நானும் போட்டேன். டிபார்ட்மென்டுக்கு நாலு அளவு, மொத்தம் 100 மார்க். ஆகஸ்ட் கணக்கு இப்படி வந்தது:

பர்ச்சேஸ் 97
ஸ்பின்னிங் யூனிட்-1: 94
பிரிபரேட்டரி (நூற்கறதுக்குப் பஞ்சைத் தயார் பண்றது) 83
டெஸ்பாட்ச் 80
ஸ்பின்னிங் யூனிட்-2: 71
ஆட்டோகோனர் (நூலைக் கோன்ல சுத்தறது) 61
மெயின்டனன்ஸ் 58

கேன்டீன் வாசல்ல ஒட்டச் சொன்னாங்க, ஒட்டினேன். அரை மணி நேரம் தாங்கல. ஆட்டோகோனர் சூப்பர்வைசர் அக்கா நேரா என் டேபிளுக்கு வந்துட்டாங்க. "ஏன் தம்பி, நாங்களா நூலை அறுக்கறோம்? அறுந்து வர்றதை முடிச்சுப் போட்டுக் குடுக்கறோம். அதுக்கு 61-ஆ?" எனக்குப் பதில் வரல. மெயின்டனன்ஸ் ஃபோர்மேன் அன்னையில இருந்து என்கூட டீ குடிக்கறதில்ல.

எங்க தப்பு பண்ணினேன்? மார்க் பங்கீட்டை மாத்தணுமா, இல்ல ஆரம்பமே கோணலா?

---

ஹெச்ஆர்_பத்து_வருஷம் | செப்டம்பர் 4, இரவு 11.20

தம்பி, மார்க் போட்டா கத்தத்தான் செய்வாங்க. கத்தறாங்கன்னு தாளைக் கிழிச்சா அப்பறம் எந்தக் காலத்துலயும் அளக்க முடியாது. நான் பார்த்த கம்பெனிகள்ல அளக்காம விட்ட இடத்துலதான் வேலை கெட்டுது. "எல்லாரும் நல்லாத்தான் செய்யறாங்க"ன்னு சொல்ற கம்பெனியில யாரும் எதுவும் செய்யறதில்ல.

கப்லான், நார்ட்டன் ரெண்டு பேரும் 1992-லயே சமச்சீர் மதிப்பெண் அட்டைன்னு சொல்லிட்டாங்க: பணம், வாடிக்கையாளர், உள்வேலை, கத்துக்கறது. இந்த நாலு கோணத்துல ஒவ்வொரு டிபார்ட்மென்டையும் வைங்க. ஆட்டோகோனர் அக்கா கோவம் ஒரு மாசத்துல தணிஞ்சிடும்.

---

ஓமலூர்_மாஸ்டர் | செப்டம்பர் 5, காலை 5.40

ரிட்டையர்டு ஸ்பின்னிங் மாஸ்டர் நான். தூக்கம் வராம எந்திரிச்சுப் பார்த்தா இந்தக் கூத்து.

தம்பி, முதல்ல ஒண்ணு சொல்லு. யூனிட்-1ல என்ன நம்பர் நூல் ஓடுது, யூனிட்-2ல என்ன நம்பர் ஓடுது? ஸ்பிண்டிலுக்கு எத்தனை கிராம்னு பார்த்துத்தானே மார்க் போட்டே?

---

செவ்வாப்பேட்டை_எக்செல் | செப்டம்பர் 5, காலை 8.15

ஆமாங்கய்யா, ஷிப்டுக்கு ஸ்பிண்டிலுக்கு எத்தனை கிராம்னுதான். யூனிட்-1 முழுக்க 40-ம் நம்பர். யூனிட்-2 முன்னாடி பாதிக்குப் பாதி இருந்தது, ஜூலைக்கு அப்பறம் ஆர்டர் வந்து கிட்டத்தட்ட எல்லா ஃப்ரேமும் 60-ம் நம்பர் கோம்டு, இன்னும் மெல்லிசு நூல்.

---

ஓமலூர்_மாஸ்டர் | செப்டம்பர் 5, காலை 9.05

நினைச்சேன். காகிதம் எடு.

8 மணி நேரத்துக்கு ஸ்பிண்டிலுக்கு எத்தனை கிராம் வரும்னு பார்க்க ஒரு சின்னக் கணக்கு இருக்கு. ஸ்பிண்டில் வேகத்தை 7.2-ஆல பெருக்கு. இன்ச்சுக்கு எத்தனை முறுக்கோ அதையும் நூல் நம்பரையும் பெருக்கி, அதால வகு. வந்ததுல எஃபிஷியன்சி சதவீதம் எடு.

40-ம் நம்பர்: 18,000 சுத்து, இன்ச்சுக்கு 26.6 முறுக்கு, 95 சதவீதம். வர்றது 115, 116 கிராம்.

60-ம் நம்பர்: வேகம் கொஞ்சம் கூடவே வைப்போம், 19,000. முறுக்கு 31. அதே 95 சதவீதம். வர்றது 70 கிராம்.

ரெண்டு பக்கமும் சைடர் (ஃப்ரேம் பார்க்கற பொண்ணு) அதே மாதிரி நடக்கறா, அதே மாதிரி ஒட்டறா, மிஷின் இன்னும் வேகமாக்கூட சுத்துது. ஆனா உன் தாள்ல ஒருத்தன் 94, இன்னொருத்தன் 71. 60-ம் நம்பர் ஓட்டறவனை 40-ம் நம்பர் கிலோவுல அளந்தா அவன் என்னதான் பண்ணுவான்? அந்தக் கணக்குப்படி 60-ம் நம்பர் ஒரு கிலோ, 40-ம் நம்பர்ல ஒண்ணே அறுபத்தஞ்சு கிலோவுக்குச் சமம். கோயமுத்தூர் சிட்ரா, ஜவுளி ஆராய்ச்சி நிலையம், 1956-ல ஆரம்பிச்சது. மில்லுக்கு மில்லு ஒப்பிடறப்ப அவங்களும் 40-ம் நம்பருக்கு மாத்திட்டுத்தான் பேசுவாங்க. உன் மில்லுக்குள்ளயே நீ அதைப் பண்ணலையே சாமி.

மெயின்டனன்ஸுக்கு 58 எதுக்கு? கிலோவுக்கு எத்தனை யூனிட் கரண்ட்னு பார்த்திருப்பே. யூ.கே.ஜி. அதுவும் இதே கதைதான். மெல்லிசு நூல் ஓட்டினா கிலோ கம்மி, மோட்டார் அதே கரண்டைத்தான் குடிக்கும். யூனிட்-2 அறுபதுக்கு மாறின மாசம் ஃபோர்மேனுக்கு மார்க் விழுந்திருக்கும் பாரு.

---

செவ்வாப்பேட்டை_எக்செல் | செப்டம்பர் 5, மதியம் 1.30

பார்த்தேன். ஜூன்ல மெயின்டனன்ஸ் 77. ஆகஸ்ட்ல 58. ஃபோர்மேனுக்கு ஒரு டீ வாங்கித் தரணும்.

---

ஆத்தூர்_கிழங்கு | செப்டம்பர் 5, மதியம் 2.10

நாங்க சேகோ ஃபேக்டரிக்குக் குச்சிக்கிழங்கு ஏத்தற ஆளுங்க. எங்களுக்கு இது ரொம்பப் பழைய விஷயம். ஒரு டன் கிழங்குக்கு ஒரே விலை கிடையாது, பாயிண்ட்டுக்குத்தான் விலை. 5 கிலோ கிழங்கை வெளியில எடை போட்டு, தண்ணிக்குள்ள முக்கி மறுபடி எடை போடுவாங்க. மாவு எவ்வளவு இருக்குன்னு பாயிண்ட் வரும். 28 பாயிண்ட் லோடும் 22 பாயிண்ட் லோடும் லாரியில ஒரே ஒசரம்தான் தெரியும்.

ஆனா பாயிண்ட் எடுக்கறது யாருன்னு பாருங்க, அவங்கதான் வாங்கறவங்களும். அங்கதான் சண்டையே. காலையில ஒரு ஃபேக்டரியில 25 சொன்ன லோடு, சாயந்திரம் அடுத்த ஃபேக்டரியில 27. அதே லாரி, அதே கிழங்கு, வெயில்ல நின்னது மட்டும்தான் மிச்சம். உங்க மில்லுல அளவெடுக்கறது யாருன்னு முதல்ல கேளுங்க.

---

கணக்கு_அக்கா | செப்டம்பர் 5, இரவு 9.45

நான் செலவுக் கணக்குத் தணிக்கை செய்பவள். அந்த 97 என் கண்ணை உறுத்துகிறது. பர்ச்சேஸுக்கு மார்க் எப்படிக் கொடுத்தீர்கள்? சந்தை விலைக்கும் வாங்கிய விலைக்கும் உள்ள வித்தியாசம்தானே? அந்த மாதம் கோம்பர் நாயில் (சீவி ஒதுக்கும் குட்டை இழை) எவ்வளவு, பஞ்சைச் சுத்தம் செய்யும் ப்ளோரூம், கார்டிங்கில் கழிவு எவ்வளவு, முந்தைய பஞ்சுக் கலவையைவிடக் கூடியதா?

---

செவ்வாப்பேட்டை_எக்செல் | செப்டம்பர் 5, இரவு 10.05

ஆமாங்க்கா. பஞ்சு, கேண்டிக்கு 1,000 ரூபா கம்மியா பிடிச்சாங்க. முதலாளி கூட்டத்துலயே கை தட்டினார். நாயில் 2 சதவீதம் கூடியிருக்கு, ப்ளோரூம், கார்டிங் கழிவு சேர்ந்து 1 சதவீதம்கிட்ட. அது பிரிபரேட்டரி மார்க்குல கழிஞ்சிருக்கு.

---

கணக்கு_அக்கா | செப்டம்பர் 5, இரவு 10.50

அப்படியானால் சேர்ந்தே போட்டுப் பார்ப்போம். கேண்டி 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கேண்டி 356 கிலோ. கிலோ 168 ரூபாய் 50 காசு. கேண்டிக்கு 1,000 குறைந்தால் கிலோவுக்கு மிச்சம் 2 ரூபாய் 80 காசு.

இப்போது நாயில் 2 சதவீதம் கூடுதல். 168.50-ல் 2 சதவீதம் 3 ரூபாய் 37 காசு. நாயிலைப் பாதி விலைக்கு விற்றுவிடுகிறீர்கள் என்றாலும் கையை விட்டுப் போவது 1 ரூபாய் 68 காசு. ப்ளோரூம், கார்டிங் கழிவு 1 சதவீதம், 1 ரூபாய் 68 காசு. அதில் மூன்றில் ஒரு பங்கு திரும்ப வந்தால் போவது 1 ரூபாய் 12 காசு. கூட்டுங்கள்: 2 ரூபாய் 80 காசு.

வாசலில் மிச்சம் பிடித்தது கோம்பரைத் தாண்டுவதற்குள்ளேயே போய்விட்டது. குட்டை இழை கூடியதால் ஸ்பின்னிங்கில் அறுந்ததை நான் இன்னும் கணக்கிலேயே எடுக்கவில்லை. ஆனால் உங்கள் தாளில் மிச்சம் பர்ச்சேஸுக்கு வரவு, நஷ்டம் பிரிபரேட்டரிக்குப் பற்று. ஒரே பஞ்சு, இரண்டு பெயரில் எழுதப்பட்டிருக்கிறது.

//சமச்சீர் மதிப்பெண் அட்டை//
நல்ல கருவிதான், நானே பயன்படுத்துகிறேன். ஆனால் பணம் ஒன்றையே பார்க்காதே என்று சொல்ல வந்தது அது. நாலையும் கூட்டி ஒரே எண்ணாக்கி, கேன்டீன் வாசலில் வரிசையாக ஒட்டியது நம் ஊர் எக்செல்.

---

ஹெச்ஆர்_பத்து_வருஷம் | செப்டம்பர் 5, இரவு 11.30

அக்கா கணக்கு சரி, ஒத்துக்கறேன். ஆனா இதையே பிடிச்சுக்கிட்டா எந்த டிபார்ட்மென்டையும் கேள்வி கேட்க முடியாது. எல்லாரும் அடுத்தவனைக் கை காட்டுவான். ஸ்பின்னிங் பஞ்சைச் சொல்லும், பர்ச்சேஸ் மார்க்கெட்டைச் சொல்லும், மார்க்கெட் மழையைச் சொல்லும். மழை மேல மெமோ போட முடியுமா?

சில டிபார்ட்மென்ட் நிஜமாவே சோம்பேறி. இவர் தாள்லயே டெஸ்பாட்சுக்கு 80. லாரி வந்து எத்தனை மணி நேரம் நிக்குதுன்னு அளந்திருக்காரா?

---

செவ்வாப்பேட்டை_எக்செல் | செப்டம்பர் 6, காலை 7.50

இல்லைங்க. கோன் பெட்டி எத்தனை போச்சுன்னு மட்டும்தான். லாரி நிக்கறது உண்மை. பள்ளிபாளையம் போற வண்டி காலையில வந்து மத்தியானம் சாப்பிட்டுட்டுத்தான் கிளம்புது.

---

ஏற்காடு_ரைட்டர் | செப்டம்பர் 6, மாலை 6.20

எஸ்டேட் ஆபீசுல ரைட்டர் வேலை. மலையில இருக்கறவனுக்கு மில்லு தெரியாது, இருந்தாலும் ரெண்டு டிவிஷன் கதை சொல்றேன்.

எங்ககிட்ட மேல் டிவிஷன், கீழ் டிவிஷன்னு ரெண்டு. அராபிகா காபி ஒரு வருஷம் காய்ச்சுக் கொட்டும், அடுத்த வருஷம் செடி களைச்சுப் போயி நிக்கும். ரெண்டு டிவிஷனும் எதிரெதிர் வருஷத்துல காய்க்குது. முன்னாடி இருந்த மேனேஜர் வருஷா வருஷம் ஏக்கருக்கு எவ்வளவுன்னு பார்த்து, ஜெயிச்ச டிவிஷன் கங்காணிக்கு வேட்டி, துண்டு குடுத்தார். ஆறு வருஷம் வேட்டி மாறி மாறி மேலயும் கீழயும் போயிட்டு வந்தது. கங்காணிங்க ரெண்டு பேரும் மாமன் மச்சான், சிரிச்சுக்கிட்டே வாங்கிக்குவாங்க.

இப்ப ரெண்டு வருஷத்தைச் சேர்த்துச் சராசரி போடறோம். அதுலயும் மார்ச், ஏப்ரல்ல பூ மழை எங்க விழுந்தது, எங்க விழலைன்னு பக்கத்துல எழுதி வெக்கறோம். மழை ஒரு வளைவுல பேயும், அடுத்த வளைவுல பேயாது. அதைக் கங்காணி தலையில கட்ட முடியாது. ஆனா பழுத்ததோட பச்சைக் காயும் சேர்த்து உருவிப் பறிச்சா அது கங்காணி பொறுப்பு, அதை அன்னன்னைக்குக் கூடையைக் கொட்டிப் பார்த்துடுவோம்.

(மிளகு நல்லா இருக்கு. வேணுங்கறவங்க சொல்லுங்க.)

---

நடத்துநர் | செப்டம்பர் 6, மாலை 6.45

மிளகு விற்பனைக்குத் தனி இழை இருக்கிறது, ரைட்டர்.

---

பேராசிரியர்_அஸ்தம்பட்டி | செப்டம்பர் 7, காலை 10.10

இதற்கு ஒரு கணித முறையே இருக்கிறது. சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் மூவரும் 1978-ல் கொடுத்தது, தரவு உறைப் பகுப்பாய்வு என்பார்கள். ஒவ்வோர் அலகும் எவ்வளவு உள்ளீட்டில் எவ்வளவு வெளியீடு தருகிறது என்று பார்த்து, ஆகத் திறமையானவற்றை ஓர் எல்லைக்கோட்டில் நிறுத்தும். மற்றவை அதிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று சொல்லும். மார்க் பங்கீட்டை நாம் தீர்மானிக்கத் தேவையில்லை.

ஆனால் உங்களுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். வங்கிக் கிளைகள், பள்ளிகள் போல ஒரே மாதிரி வேலை செய்யும் அலகுகளுக்குத்தான் அது. பர்ச்சேஸும் ஆட்டோகோனரும் ஒரே வேலையா செய்கின்றன? இன்னொன்று, உள்ளீடும் வெளியீடும் சேர்ந்து எத்தனையோ அதைப்போல் குறைந்தது 3 மடங்கு அலகுகள் வேண்டும் என்பது வழக்கமான கைக்கணக்கு. நாலு அளவு வைத்தால் 12 டிபார்ட்மென்ட் வேண்டும். உங்களிடம் ஏழு. போட்டால் எல்லாமே திறமையானவை என்று விடை வரும், முதலாளி உங்களைத்தான் திட்டுவார்.

மாறாக, கடந்த 12 மாதத் தரவரிசையை எடுத்துப் பாருங்கள். மாதாமாதம் இடம் மாறிக்கொண்டே இருக்கிறதா? தர மேலாண்மை நிபுணர் டெமிங் தன் வகுப்புகளில் ஒரு விளையாட்டு நடத்துவார். வெள்ளை மணியும் சிவப்பு மணியும் கலந்த பெட்டி, ஐந்தில் ஒன்று சிவப்பு. 50 குழி உள்ள துடுப்பை உள்ளே விட்டு எடுக்க வேண்டும், சிவப்பு வந்தால் குறை. கம்மியாக எடுத்தவருக்குப் பாராட்டு, அதிகமாக எடுத்தவருக்கு எச்சரிக்கை. அடுத்த சுற்றில் பாராட்டு வாங்கியவருக்கே சிவப்பு அதிகமாக வரும். பெட்டிக்குள் இருக்கும் கலவையைத் தொழிலாளி மாற்ற முடியாது.

---

ஹெச்ஆர்_பத்து_வருஷம் | செப்டம்பர் 7, காலை 11.00

பேராசிரியரே, மணி விளையாட்டுல யாருக்கும் சம்பளம் இல்ல. மில்லுல இருக்கு. போட்டி இருந்தா உற்பத்தி கூடும், அதை நான் கண்ணால பார்த்திருக்கேன்.

---

ஓமலூர்_மாஸ்டர் | செப்டம்பர் 7, இரவு 8.30

கூடும் தம்பி. நானும் பார்த்திருக்கேன். எப்படிக் கூடுச்சுன்னு சொல்றேன், கொஞ்சம் நீளம்.

நான் வேலை பார்த்த ஒரு மில்லுல மூணு ஷிப்டுக்கும் போர்டு வெச்சாங்க. எந்த ஷிப்டு அதிகம் எடுக்குதோ அந்த சூப்பர்வைசருக்கு மாசக் கடைசியில ஒரு கவர். முதல் மாசமே உற்பத்தி கூடுச்சு. மேனேஜருக்குச் சந்தோஷம். எனக்கும்தான், இல்லைன்னு சொல்லல.

ரிங் ஃப்ரேம்ல டிராவலர்னு ஒரு சின்னக் கம்பி வளையம். நகத்தைவிடச் சின்னது. அதுதான் ரிங் மேல ஓடி நூலுக்கு முறுக்கு ஏத்தறது. சூட்டுல தேயும். இத்தனை நாளுக்கு ஒரு தடவை மாத்தியே ஆகணும். மாத்தணும்னா ஃப்ரேமை நிறுத்தணும், ஆயிரம் ஸ்பிண்டிலுக்கும் கையால மாத்தணும். அந்த நேரம் உற்பத்தி இல்ல. இப்ப சொல்லு, போர்டுல பேர் வரணும்னு நினைக்கற சூப்பர்வைசர் தன் ஷிப்டுல அதைப் பண்ணுவானா?

பகல் ஷிப்டு அரை ராத்திரிக்குத் தள்ளுச்சு. அரை ராத்திரி முழு ராத்திரிக்குத் தள்ளுச்சு. முழு ராத்திரி சூப்பர்வைசர் எனக்குத் தெரிஞ்ச பையன். ஒரு நாள் விடியக்காலம் நான் உள்ள போனா, டிராவலர் பெட்டியைத் திறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கான், மாத்தல. "ஏன்டா"ன்னேன். "எல்லாரும் என்கிட்டயே விடறாங்க மாஸ்டர், நான் மட்டும் ஏன் தோக்கணும்"னான். என்ன சொல்றது? சுத்தம் பண்றதும் அப்படியே. ஷிப்டு முடிய பத்து நிமிஷம் இருக்கறப்ப டாஃபிங்குக்கு (நிறைஞ்ச நூலை இறக்கறது) வந்த ஃப்ரேமை வேகம் குறைச்சு ஓட்டி அடுத்தவன் தலையில கட்டுவான்.

ரெண்டு மாசம் ஆச்சு. டிராவலர் எரிஞ்சு போயி நூல் மேல முடி முடியா நிக்குது. ஆட்டோகோனர்ல கட் ஏறுச்சு. ஆட்டோகோனர்காரனுக்கு மெமோ! அவன் கிளியரரை, அதான் நூல்ல குறை வந்தா அறுக்கற கருவியை, தளர்த்தி வெச்சான், அவனும் மனுஷன்தானே, அவன் போர்டும் அங்க தொங்குது. கட் குறைஞ்சுது. அவனுக்குப் பாராட்டு. அப்பறம் பள்ளிபாளையத்துல தறி ஓட்டறவங்க கோனைத் திருப்பி அனுப்பினாங்க, பாவு அறுந்துக்கிட்டே இருக்குன்னு. அந்த மாசமும் எல்லா ஷிப்டு போர்டும் பச்சையில இருந்தது.

ஒரு எடத்துல உண்டான குறை ரெண்டு டிபார்ட்மென்ட் தாண்டித்தான் கண்ணுக்குத் தெரியும். தெரியற எடத்துல இருக்கறவனுக்கு மார்க் குறையும்.

---

ஹெச்ஆர்_பத்து_வருஷம் | செப்டம்பர் 7, இரவு 9.15

சரி மாஸ்டர், இதுக்கு என்கிட்ட சுருக்கமா பதில் இல்ல. அப்ப என்னதான் அளக்கறது? "அளக்காதே"ன்னா முதலாளி ஒத்துக்க மாட்டார், நானும் ஒத்துக்க மாட்டேன்.

---

ஓமலூர்_மாஸ்டர் | செப்டம்பர் 7, இரவு 9.50

அளக்காதேன்னு யார் சொன்னது? கை மாறுற எடத்துல அள. ஸ்பின்னிங்குல இருந்து ஆட்டோகோனருக்குப் போற காப்பு (நூல் சுத்தின குழல்) எப்படி இருக்கு, கார்டிங்குல இருந்து போற ஸ்லைவர் (பஞ்சுத் திரி) எப்படி இருக்கு. வாங்கிக்கறவன் சொல்லட்டும், குடுக்கறவனும் கூட நிக்கட்டும். ஆத்தூர்க்காரர் சொன்ன மாதிரி வாங்கறவன் மட்டும் பாயிண்ட் எடுத்தா அடிதடிதான். யூனிட்-1ஐயும் யூனிட்-2ஐயும் 40-ம் நம்பருக்கு மாத்தித் தாராளமா ஒப்பிடு, ரெண்டும் ஒரே ஜாதி வேலை. டெஸ்பாட்சை டெஸ்பாட்சோட போன மாசத்தோட ஒப்பிடு, லாரி நிக்கற நேரத்தை எழுது, அதுல எனக்குக் கருணை கிடையாது. பர்ச்சேஸையும் மெயின்டனன்ஸையும் ஒரே வரிசையில நிறுத்தாதே.

---

கணக்கு_அக்கா | செப்டம்பர் 8, காலை 9.00

போனஸ் பற்றி ஒரு வார்த்தை, யாரும் சொல்லவில்லை. சட்டப்படி தகுதியுள்ளவர்களுக்குக் குறைந்தபட்சம் 8.33 சதவீதம், உச்சம் 20. உற்பத்தித்திறனோடு கோர்த்துப் போனஸ் ஒப்பந்தம் போட 1965 சட்டத்திலேயே வழி வைத்திருந்தார்கள், ஆனால் அதிலும் 8.33-க்குக் கீழே போக முடியாது. ஆட்டோகோனருக்கு 61 மார்க் என்று அந்த அக்காவின் குறைந்தபட்சப் போனஸில் கை வைக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. கூட்டத்துக்குப் போகும் முன் உங்கள் முதலாளிக்கு இதை யாராவது சொல்லிவிடுவது நல்லது.

பீக் அவரையும் பாருங்கள். உயரழுத்த இணைப்பில் காலை, மாலை உச்ச நேரத்துக்கு 25 சதவீதம் கூடுதல். அந்த நேரத்தில் சில ஃப்ரேமை நிறுத்திப் பராமரிப்பு செய்தால் மில்லுக்கு லாபம், மெயின்டனன்ஸுக்கும் மார்க். ஸ்பின்னிங்குக்கு மார்க் போகும். இப்போதுள்ள தாளை வைத்துக்கொண்டு இரண்டு ஃபோர்மேன்களும் என்றைக்கு ஒத்துப்போவார்கள்?

---

செவ்வாப்பேட்டை_எக்செல் | செப்டம்பர் 19, இரவு 11.40

மன்னிக்கணும், பத்து நாளா வரல. சொல்றதுக்கு ஒரு விஷயம் இருக்கு.

மாஸ்டர் சொன்னதை நினைச்சுக்கிட்டே ரெண்டு நாள் ராத்திரி ஆட்டோகோனர் பக்கம் போயி நின்னேன். இந்த மில்லுல நாலு வருஷம் ஆச்சு, ராத்திரி ஷிப்டுல உள்ள நின்னது இதான் முதல் தடவை. அக்கா ஒரு ஸ்டூல் போட்டுக் குடுத்தாங்க. டிரம்முல நூல் திரும்பத் திரும்ப அறுந்தா சிவப்பு விளக்கு எரியும். எனக்கு எல்லாம் ஒண்ணு போலத்தான் தெரிஞ்சுது. அக்காதான் சொன்னாங்க, "க்ரேட்டைப் பாரு தம்பி, எந்த ஃப்ரேம் காப்புன்னு சாக்பீஸ்ல எழுதச் சொல்லு"ன்னு. யூனிட்-2 பையன்கிட்ட கெஞ்சி எழுத வெச்சேன்.

ரெண்டு ராத்திரியில பாதிக்கு மேல சிவப்பு விளக்கு 13, 14, 15-ம் ஃப்ரேம் காப்புல இருந்து வந்தது. மூணும் பக்கத்துப் பக்கத்துல இருக்கற ஃப்ரேம்.

அங்க போயி நின்னா காத்து வறண்டு கிடக்கு, பஞ்சு பறக்குது, ரோலர்ல நூல் சுத்திக்குது. ஃபோர்மேனைக் கூட்டிட்டு வந்தேன் (டீ வாங்கிக் குடுத்துத்தான்). ஈரப்பதம் அனுப்பற பிளான்ட்டுல அந்தப் பக்கத்துத் தண்ணி தெளிக்கற நாசில் பூரா உப்பு அடைச்சிருக்கு. எங்க போர்த் தண்ணி அப்படி, பக்கெட்டுல ஒரு வாரம் நின்னா வெள்ளையா படியும். "புது நாசில் கேட்டு இண்டென்ட் போட்டு ஏழு வாரம் ஆச்சு"ன்னு நோட்டைக் காட்டினார். பர்ச்சேஸ்ல கேட்டா, மூணு கொட்டேஷன் வரல, அதுவும் இல்லாம ஸ்டோர் செலவு குறைச்சா மார்க் உண்டுன்னு நான்தானே தாள்ல போட்டிருக்கேன்னு என்னையே கேக்கறாங்க.

உண்மைதான். மூணாவது வரிசையில இருக்கு. நான் போட்டது.

---

ஆத்தூர்_கிழங்கு | செப்டம்பர் 20, காலை 6.30

நாசில் என்ன விலைங்க?

---

செவ்வாப்பேட்டை_எக்செல் | செப்டம்பர் 20, காலை 8.00

கேக்காதீங்கண்ணா. அவமானமா இருக்கு.

---

ஹெச்ஆர்_பத்து_வருஷம் | செப்டம்பர் 20, காலை 9.20

இதை அப்படியே கூட்டத்துல சொல்லுங்க. யார் பேரையும் சொல்லாம, நாசில்ல ஆரம்பிச்சு சிவப்பு விளக்கு வரைக்கும் ஒரே கோடா போட்டுக் காட்டுங்க. உங்க மூணாவது வரிசையையும் சேர்த்து. நீங்களே முதல்ல ஒத்துக்கிட்டா மத்தவங்க வாயைத் திறப்பாங்க. இது பத்து வருஷ அனுபவம், கப்லான் சொன்னதில்ல.

---

செவ்வாப்பேட்டை_எக்செல் | செப்டம்பர் 25, இரவு 9.10

கூட்டம் முடிஞ்சுது. நாசில் கதையைச் சொன்னேன், பஞ்சுக் கணக்கையும் அக்கா சொன்ன மாதிரியே போட்டேன். பர்ச்சேஸ் மேனேஜர் ரெண்டு காசு கூடக் குறைச்சுப் பேசினார், அப்பறம் விட்டுட்டார். முதலாளி எல்லாத்தையும் பொறுமையா கேட்டார். கேட்டுட்டு, "சரி, அப்ப இதுல யார் ஃபர்ஸ்ட்?"னார். ஆட்டோகோனர் அக்கா வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க.

போனஸ் இந்த வருஷம் எல்லாருக்கும் ஒரே சதவீதம். ரேங்க் போயிடல, "மார்ச்சுல பார்க்கலாம்"னு நிக்குது. கேன்டீன் வாசல் தாளை மட்டும் எடுத்தாச்சு. நாசில் அன்னைக்குச் சாயந்திரமே வந்துடுச்சு, கொட்டேஷன் ஒண்ணுதான். லாரி வர்ற நேரம், போற நேரம் கேட்ல எழுதறாங்க. டெஸ்பாட்ச்காரர் இப்ப என்கூட டீ குடிக்கறதில்ல.

மாஸ்டருக்கு: டிராவலர் மாத்தின தேதின்னு ஒரு காலம் சேர்த்திருக்கேன். யூனிட்-2 எல்லாத்துக்கும் தேதி குடுத்துட்டாங்க. 94 மார்க் வாங்கின யூனிட்-1ல பதினோரு ஃப்ரேமுக்குத் தேதி யாருக்கும் தெரியல. அந்தக் கட்டத்துல என்ன போடறது, காலியா விட்டுடவா?

---

ஓமலூர்_மாஸ்டர் | செப்டம்பர் 26, காலை 5.35

காலியா விடாதே. "மாத்தலை"ன்னு எழுது. எழுதிட்டு யூனிட்-1 சூப்பர்வைசர்கிட்ட முதல்ல நீயே போயிக் காட்டு, முதலாளிக்கு அப்பறம் அனுப்பலாம்.